ரெண்டு வயரில் ஒரு ஃபைனல்

எங்கள் சீத்தாகுப்பத்தில் கேபிள் வந்த பிறகுதான் சண்டை வந்தது என்று சிலர் சொல்லுவார்கள். சுத்தப் பொய். சண்டை அதற்கு முன்பே இருந்தது. கேபிள் வந்த பிறகு அதைச் சாயங்காலம் ஏழு மணிக்கு இன்னொரு தபா போட்டுக் காட்டினார்கள், அவ்வளவுதான்.

வடமாலபேட்டைக்குக் கொஞ்சம் முன்னால், திருப்பதி–சென்னை ரோட்டில் இறங்கி உள்ளே நடந்தால் முதலில் காலனி. காலனி முடிகிற இடத்தில் என் வீடு. எதிர்சாரியில் மிஷன் காம்பவுண்ட் தொடங்கிவிடும். இரண்டு பக்கமும் ஒரே சனம்தான். இவர்கள் கங்கம்மாவுக்குக் கூழ் ஊற்றுகிறார்கள், அவர்கள் ஞாயிற்றுக்கிழமை பாட்டுப் பாடுகிறார்கள். பெண் கொடுப்பதும் எடுப்பதும் நடக்கும். கபடி என்று வந்துவிட்டால் மட்டும் ஒருத்தன் முட்டியை இன்னொருத்தன் உடைக்காமல் விடமாட்டான். நடுவில் குடியிருப்பதால் இரண்டு பக்கத்துச் சேதியும் எனக்குத் தானாக வந்து சேரும். வராததை நான் போய்க் கேட்டுக்கொள்வேன்.

கேபிள்காரன் கிரண்குமார் காலனிப் பையன். திருப்பதியில் ஒரு டீவி கடையில் வேலை கற்றுக்கொண்டு, திரும்பி வரும்போது லாரியில் ஒரு குடை டிஷ்ஷும் பக்கத்தில் ஒரு மிஷன் பெண்ணுமாக வந்து இறங்கினான். பெண் பெயர் தபிதா. மிஷன் கபடி டீமின் மேனேஜர் ஞானசிங்கின் மகள். காலனி டீமுக்கு மேனேஜர் கங்கையா, கிரண்குமாருக்குப் பெரியப்பா முறை. ஆக, காலனிக்கு அவன் பிள்ளை, காம்பவுண்டுக்கு மாப்பிள்ளை. அப்படியானால் இரண்டு பக்கமும் அவனைத் தாங்குவார்கள் என்று நினைத்தால் நீங்கள் எங்கள் ஊரைப் பார்த்ததில்லை. காலனியில், "பொண்டாட்டி பக்கம் சாஞ்சிக்கினான்" என்றார்கள். காம்பவுண்டில், "ரத்தம் எங்க போவும்?" என்றார்கள்.

பெரிய கம்பெனிக்காரன் எல்லாம் விளையாட்டுக்கென்றே சேனல் வைக்கிறானே என்று இவனும் ஒன்று வைத்தான். பெயர் கிரண் ஸ்போர்ட்ஸ். பந்து ஒன்று சுற்றிச் சுற்றி வந்து அவன் பெயராக மாறும். அதற்கே ஊர் வாயைப் பிளந்தது. கபடி, வாலிபால், ரப்பர் பந்து கிரிக்கெட், சுற்று வட்டாரத்தில் எங்கே நடந்தாலும் தோளில் கேமராவோடு போய் நிற்பான். அது கல்யாண கேமரா. கையும் கல்யாணக் கை. ஒருத்தன் பாயிண்ட் எடுத்தால் அவன் முகம் இதயத்துக்குள் வரும், சுற்றிலும் ரோஜா உதிரும். வர்ணனையும் அவனேதான். பாதி தெலுங்கு, பாதி தமிழ், நடுநடுவே "சூப்பர், சூப்பர்."

சனங்கள் அதை விளையாட்டு என்றா பார்த்தார்கள்? கணக்குத்தான் பார்த்தார்கள்.

"ஆசிர் மூஞ்சி எத்தினி தபா வந்திச்சி, எம்புள்ள மூஞ்சி எத்தினி தபா வந்திச்சி?" என்று தமிழரசின் அம்மா மணியம்மா ரோட்டில் நின்று கேட்பாள். "எம்புள்ளய முதுகுப் பக்கமே எடுக்கிறான். கபடி ஆட்றவனுக்கு மூஞ்சி இல்லியா?"

"உம்புள்ள ஓடிக்கினே கீறான். ஓட்றவனுக்கு முதுகுதான் தெரியும்" என்று எதிர்வீட்டு ஜெயகுமாரி துணி காயப்போட்டுக்கொண்டே பதில் சொல்வாள். ஜெயகுமாரி ஆசிருக்கு அக்கா. இந்த இரண்டு பேர் பேச்சைக் கேட்டால் எனக்கு டீவியே வேண்டியதில்லை.

கிரண்குமாருக்கு ஒரே பயம். திருப்பதி பெரிய கேபிள்காரன் வடமாலபேட்டை வரைக்கும் வயர் இழுத்துவிட்டான். அவனிடம் இவனைவிட மூன்று மடங்கு சேனல். எங்கள் ஊரிலிருந்து ஒரு தெரு கூப்பிட்டால் போதும், மறுநாளே கம்பத்தில் ஏறிவிடுவான். ஒரு தெரு போனால் மிச்சத் தெருவை வைத்துக்கொண்டு கிரண்குமார் பிழைக்க முடியாது. அதனால் காலனியில் கோபமா, அங்கே ஓடு. காம்பவுண்டில் கோபமா, இங்கே ஓடு. அவன் கல்யாணம் பண்ணியதிலிருந்து நடந்து போய் நான் பார்த்ததில்லை.

இந்த லட்சணத்தில் அந்த வருஷம் பொங்கலுக்கு ஃபைனல் காலனிக்கும் மிஷனுக்கும் என்று வந்து தொலைத்தது.

ஊரில் இருப்பவர்களை வைத்து ஒரு டீம்கூடத் தேறாது. தமிழரசு கும்மிடிப்பூண்டியில் ஏதோ கம்பி உருக்குகிற கம்பெனியில். ஆசிர் வேலூரில் ஆஸ்பத்திரி வேலை. மற்றவர்கள் ஓசூர், பெங்களூர். கப்பு வாங்கிக் கொடுத்தவன் குவைத். பண்டிகைக்கு வந்து இறங்கி, தின்னு, அடிபட்டு, கட்டுப் போட்டுக்கொண்டு பஸ் ஏறிவிடுவார்கள். அவர்கள் போன பிறகு வருஷம் முழுக்க அதைப் பேசித் தீர்ப்பது நாங்கள்.

ஆட்டம் சமமாகவே போனது. நடுவர் சின்னசாமி, புத்தூரில் டிரில் மாஸ்டர். கூட வர வேண்டிய இரண்டு பேர் பண்டிகை என்று வரவில்லை, தனி ஆளாக ஊதிக்கொண்டிருந்தார். கடைசி ரெய்டு. இரண்டு பக்கமும் ஒரே பாயிண்ட். தமிழரசு பாடிக்கொண்டு மிஷன் பக்கம் நுழைந்தான். ஆசிர் பாய்ந்து கணுக்காலைப் பிடித்தான். மேலே நாலு பேர் விழுந்தார்கள். தமிழரசு அத்தனை பேரையும் இழுத்துக்கொண்டு நடுக்கோட்டுப் பக்கம் கையை நீட்டினான்.

கோட்டைத் தொட்டானா? தொட்டபோது மூச்சு இருந்ததா? அதுதான் கேள்வி. அடுத்த நொடி இரண்டு பக்கத்து ஜனமும் கோட்டுமேலேயே ஏறி நின்றுகொண்டு கத்தியது. நானும் அங்கேதான் இருந்தேன். என் முன்னால் ஒருத்தி இரண்டு முழம் கனகாம்பரம் வைத்துக்கொண்டு நின்றாள். நான் கனகாம்பரத்தைப் பார்த்தேன்.

"தொட்டுட்டேன்!" என்றான் தமிழரசு.

"மூச்ச வுட்டப்புறம் தொட்டான்!" என்றான் ஆசிர்.

சின்னசாமி விசிலை ஊதிக்கொண்டே கூட்டத்தைப் பிளந்து வந்தார். காலனிக்காரர்கள் ஒரு கையைப் பிடித்து இழுத்தார்கள், மிஷன்காரர்கள் இன்னொரு கையை. சட்டைப் பொத்தான் போய்விட்டது. ஞானசிங், "நான் பார்த்தேன். கர்த்தர் சாட்சி, மூச்சு போயி அப்புறம்தான் கை வந்திச்சி" என்றார். கங்கையா, "நானுந்தான் என் ரெண்டு கண்ணால பார்த்தேன். மூச்சோட தொட்டான். இல்லன்னா கங்கம்மா என் கண்ண எடுத்துக்கட்டும்" என்றார்.

சின்னசாமி மனுஷன் வீட்டுக்குப் போய்ச் சேர வேண்டாமா? கையை உயர்த்தினார். கிரிக்கெட்டில் அம்பயர் காட்டுவாரே, அதுபோலக் காற்றில் விரலால் ஒரு சதுரம் போட்டார்.

"கேமரா கீதில்ல? டீவியில பார்த்துக்குங்க. அது என்ன சொல்லுதோ அதான் தீர்ப்பு."

சொல்லிவிட்டு, வந்து நின்ற புத்தூர் பஸ்ஸில் பொத்தான் இல்லாத சட்டையோடு ஏறிவிட்டார். கபடிக்கு மூன்றாவது அம்பயர் வைத்த முதல் ஊர் எங்கள் ஊராகத்தான் இருக்கும். ஜனத்துக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. டீவியில் பார்த்துப் பழகியிருந்தார்களே. எல்லாரும் ஒரே சமயத்தில் கிரண்குமாரைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"நாளைக்கு ஏழு மணிக்குப் போட்டுட்றேன்" என்றான். குரல் ஒரு மாதிரி இருந்தது. களைப்பு என்று நினைத்தேன்.

களைப்பு இல்லை. கடைசி ரெய்டு அவனிடம் இல்லவே இல்லை. இதைத் தபிதா பின்னால் என்னிடம் சொன்னாள். நான் கேட்டேன், சொன்னாள். அந்த நேரம் பார்த்து, மேடையில் விருந்தாளியாக உட்கார்ந்திருந்த மண்டல பிரெசிடெண்ட் நாராயணவனத்தில் வேறு விசேஷத்துக்குப் போக வேண்டுமென்று எழுந்துவிட்டார். ஜீப்பு ஸ்டார்ட் பண்ணியாகிவிட்டது. "தொந்தரகா கானிவ்வண்டி" என்று அவர் ஆள் அவசரப்படுத்த, ஆட்டம் முடியட்டும் என்றுகூடப் பார்க்காமல் மேடையில் பொன்னாடை போர்த்த ஆரம்பித்துவிட்டார்கள். கல்யாண கேமராக்காரனுக்கு ஒரே ஒரு சட்டம்தான். பெரிய மனுஷன் எழுந்தால் கேமரா அந்தப் பக்கம் திரும்ப வேண்டும். தாலி கட்டுவது தவறினால்கூட மன்னிப்பு உண்டு, எம்.எல்.ஏ. அட்சதை போடுவது தவறினால் கிடையாது. கிரண்குமாரின் தோள் தானாகத் திரும்பிவிட்டது. அவன் முதுகுக்குப் பின்னால் ஃபைனல் முடிந்தது.

"இல்லன்னு சொல்லிடேன்" என்றாளாம் தபிதா.

"சொன்னா ரெண்டு பக்கமும், அவனுங்களுக்காக அழிச்சிட்டான்னு சொல்லுவான். ரெண்டு வயரும் போயிடும்."

ரெண்டு வயர் என்று அவன் வாயிலிருந்து வந்ததும்தான் அவனுக்கே அந்த யோசனை வந்ததாம். காலனிக்கு ஒரு வயர் போகிறது, காம்பவுண்டுக்கு ஒரு வயர் போகிறது. அறையில் கேசட் போடுகிற டெக் இரண்டு இருக்கிறது. ஒரே படத்தை ஏன் இரண்டு பக்கத்துக்கும் காட்ட வேண்டும்?

முதல் பாதியில் தமிழரசு இதேபோலப் பிடிபட்டு, இழுத்துக்கொண்டு வந்து கோட்டைத் தொட்ட ஒரு ரெய்டு இருந்தது. அதை எடுத்து ஒரு கேசட்டில் கடைசியில் ஒட்டினான். அது காலனிக்கு. இரண்டாம் பாதியில் ஆசிர் அவனை மல்லாக்கப் போட்டு அமுக்கிய ரெய்டு ஒன்று. அது காம்பவுண்டுக்கு. இரண்டையும் மெதுவாக ஓடவிட்டு இதயத்துக்குள் போட்டான். ரோஜா இரண்டுக்கும் பொது.

மறுநாள் ஏழு மணிக்கு ரோட்டில் நாய்கூட இல்லை. நான் காலனி வயர். தமிழரசின் கை மெதுவாக, மெதுவாக, கோட்டைத் தொட்டது. "கெலிச்சிட்டோம்டா!" என்று காலனி அதிர்ந்தது. வெளியே வந்து பார்த்தால் காம்பவுண்டுக்குள்ளும் சரவெடி. கிறிஸ்மஸில் மிச்சமானது போல.

"தோத்துட்டு வெடி வுடுறானுங்க பாரு, மானங்கெட்டவனுங்க" என்றார் கங்கையா.

"வெக்கத்த மறைக்க வெடி வுடுறானுங்க" என்று எதிர்ப்பக்கம் ஞானசிங் குரல்.

ஒரே நேரத்தில் இரண்டு பக்கமும் ஜெயித்த சந்தோஷம் ஒரு ராத்திரி நிலைத்தது. இரண்டு பக்கமும் கிரண்குமாருக்குப் பலகாரம் அனுப்பினார்கள். அவன் கதவைச் சாத்திக்கொண்டு படுத்துவிட்டான்.

மறுநாள் காலையில் மணியம்மாவுக்குச் சும்மா இருக்க முடியவில்லை. பிள்ளை விடியற்காலை பஸ்ஸில் கும்மிடிப்பூண்டி போய்விட்டான், ஆசிரும் வேலூர் போய்விட்டான். ஜெயித்ததை ஜெயகுமாரி முகத்துக்கு நேராகச் சொன்னால்தானே ஜெயித்தது போல இருக்கும்? ஒரு தட்டில் ஜாங்கிரி வைத்துக்கொண்டு ரோட்டைத் தாண்டினாள். தோற்றவள் வீட்டுக்கு இனிப்பு. நான் பின்னாலேயே போனேன். எனக்கும் ஜெயகுமாரியிடம் ஒரு முறம் வாங்க வேண்டியிருந்தது.

"இந்தாடி, துன்னு" என்று தட்டை நீட்டினாள் மணியம்மா. "தோத்த வாயிக்கு இனிப்பா இருக்கட்டும்."

"யாருடி தோத்தது? உள்ள வா, காட்றேன். பத்து மணிக்கு மறுபடியும் போட்டுக்கினு கீறான்."

உள்ளே டீவியில் இதயத்துக்குள் தமிழரசு மல்லாந்து கிடந்தான். மேலே ஆசிர். மேலே ரோஜா. மணியம்மா பார்த்தாள். கிட்டே போய்ப் பார்த்தாள். டீவியின் தலையில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் பார்த்தாள்.

"உன் டீவியில எம்புள்ள ஏன்டி தோக்கறான்?"

"எல்லா டீவியிலயும் அதான்."

"எங்க ஊட்டு டீவியில கெலிச்சானே!"

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். "எங்க வீட்லயும் கெலிச்சான்தான்" என்றேன். உள்ளதைத்தானே சொன்னேன்? ஜாங்கிரித் தட்டு கட்டில்மேல் விழுந்தது. ஜெயகுமாரி ரோட்டைத் தாண்டி ஓடிப்போய் மணியம்மா வீட்டு டீவியில் தன் தம்பி தோற்பதைப் பார்த்தாள். அதற்குப் பிறகு சேதி சொல்ல நான் தேவைப்படவில்லை.

கேபிள் அறை காலனியின் மறு கோடியில், ரேக்குத் தகரம் போட்ட ஒற்றை அறை. நாங்கள் போவதற்குள் இரண்டு தெருவும் அங்கே நின்றது. முன்னால் கங்கையாவும் ஞானசிங்கும். இரண்டு பேரும் பேசிக்கொள்ளவில்லை, ஆனால் ஒரே மாதிரி மூச்சு வாங்கினார்கள்.

"ஏன்டா, அப்பங்காரன் பேரக் கெடுக்கப் பொறந்தவனே, வெளிய வாடா" என்றார் கங்கையா.

"மாப்பிள்ளன்னு பார்த்தேன். இல்லன்னா செருப்பு பிஞ்சிருக்கும்" என்றார் ஞானசிங்.

கிரண்குமார் வாசலில் வந்து நின்றான். ராத்திரி தூங்கவில்லை போல. "எடுக்கல மாமா. கடைசி ரெய்டு எடுக்கல. பிரெசிடெண்டு எழுந்துட்டாரு, பெரிப்பா. கேமரா அங்க திரும்பிடுச்சி."

"பொய்!" என்று இரண்டு பக்கமும் ஒரே குரலில் கத்தியது. "எங்களுக்காவாதத ஒளிச்சி வெச்சிருக்கிறான்." "நிஜ கேசட்டப் போடு!" "போடலன்னா இன்னிக்கே திருப்பதி வயரு!"

அவன் தலையைக் குனிந்துகொண்டு, "போட வாணாம் மாமா. உங்க நல்லதுக்குச் சொல்றேன்" என்றான். அதைச் சொல்லியிருக்கக் கூடாது. கதவைத் தள்ளிக்கொண்டு கூட்டம் உள்ளே நுழைந்தது. டீவியைத் தூக்கி வாசலில் ஸ்டூல்மேல் வைத்தார்கள். கேசட்டைத் தபிதாதான் போட்டாள்.

தமிழரசு பாடிக்கொண்டு நுழைகிறான். அவ்வளவுதான், படம் ஒரு சுற்று சுற்றி மேடைக்குப் போனது. பிரெசிடெண்ட் பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிறார். எதிரே பொன்னாடைக்குக் கழுத்தை நீட்டிக்கொண்டு, கோட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, ஞானசிங். அவருக்கு அடுத்தாற்போல், தலையை வாரிக்கொண்டு, கங்கையா. அதற்கும் அடுத்தாற்போல், விசிலை வாயில் வைத்தபடியே வரிசையில் நிற்பவர் யார் என்று பார்த்தால் நடுவர் சின்னசாமி.

பின்னால் "ஓ" என்று ஜனம் கத்துவது கேட்கிறது. கங்கையா கேமராவைப் பார்த்துச் சிரிக்கிறார். ஞானசிங் பொன்னாடையின் ஜரிகையைத் தடவிப் பார்க்கிறார். சின்னசாமி போர்த்திய பொன்னாடையை அக்குளில் சுருட்டிக்கொண்டு, அப்போதுதான் ஞாபகம் வந்தவராக, ஊதிக்கொண்டே மேடையிலிருந்து குதிக்கிறார்.

கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்த ஜனத்தில் எவன் மேடையைப் பார்த்தான்? ஆட்டத்தை ஊதுகிறவரே அங்கே இல்லை என்பது அன்றைக்குத்தான் ஊருக்குத் தெரிந்தது. கர்த்தர் சாட்சியும் கங்கம்மா சாட்சியும் சேர்ந்து வரிசையில் நின்றதும் தெரிந்தது.

பின்னாலிருந்து ஒருத்தன், "கங்கையா மாமா, உனுக்கு முதுகுலதான் அந்த ரெண்டு கண்ணா?" என்றான். சிரிப்பு கிளம்பியது. ஞானசிங்கின் முகம் கறுத்தது. "நிறுத்துடி அத" என்று மகளிடம் பாய்ந்தார்.

தபிதா நிறுத்தவில்லை. வாசலில் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள். இவ்வளவு நாள் அவள் குரலை நான் ரோட்டில் கேட்டதேயில்லை.

"வயர அறுக்கணுமா? அறுங்க நைனா. அதுக்கு முன்னால இன்னிக்கு ஏழு மணிக்கு இத ரெண்டு வயர்லயும் போட்றேன். நாளைக்கும் போட்றேன். குவைத்துக்குக் கேசட்டும் அனுப்பறேன். உங்க மூஞ்சிக்கு இதயம் வெச்சி, ரோஜா வுட்டு."

ஞானசிங்கும் கங்கையாவும் முதல் தடவையாக ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். கங்கையா இருமினார். "பையன் தெரியாம செஞ்சிட்டான். சின்ன வயசு" என்றார். "குடும்பஸ்தன்" என்றார் ஞானசிங். "ரெண்டு டீமும் கெலிச்சதாவே இருக்கட்டும். கப்ப ஆறு மாசம் அங்க, ஆறு மாசம் இங்க." கிரண்குமார் அப்படியே சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டான். பிழைத்துவிட்டான் என்றுதான் நானும் நினைத்தேன்.

"இன்னா ஆறு மாசம்?" என்று கூட்டத்துக்குள்ளிருந்து மணியம்மா வந்தாள். கையில் வேலி வெட்டுகிற கத்தி. "எம்புள்ள கை எலும்பு தெரிய இழுத்துக்கினு போனான். தொட்டானா இல்லியான்னு இனி அந்தக் கடவுளுக்கும் தெரியாது. இவன் பொன்னாட புடிக்கப் போயிட்டான்."

"எம்மா, சும்மா இரு. பேசி முடிச்சிக்கினு கீறோம்" என்றார் கங்கையா.

"நீ முடிப்ப. ஏழு மணிக்கு உன் மூஞ்சி வரும்னு உனுக்குப் பயம். எனுக்கு எவன் பொன்னாட போட்டான்? நான் எதுக்குப் பயப்படணும்?"

"என் தம்பிக்குங்கூட ஒருத்தனும் போடல" என்றது இன்னொரு குரல். ஜெயகுமாரி. "அவன் ஜெயிச்சான்னு காட்டி என்னைக் கும்பிட வெச்சானே இவன், ராத்திரி முழங்கால் போட்டு ஜெபம் பண்ணினேன்டா, பாவி. முதல் பாதியோ ரெண்டாம் பாதியோ, எப்பவோ எடுத்த பாயிண்டுக்கு!"

இந்த இரண்டு பேரும் ஒரே பக்கமாக நின்று நான் பார்த்தது அன்றைக்குத்தான். கிரண்குமார் ஓடி வந்து குறுக்கே நின்றான். "அத்தே, வாணாம் அத்தே. வேற பொழப்பு இல்ல எனுக்கு." ஜெயகுமாரி அவன் சட்டையைப் பிடித்து இழுத்து ஓரமாகத் தள்ளினாள். மணியம்மா கூரைக்கு ஏறுகிற கறுப்பு வயர் இரண்டையும் ஒன்றாகச் சேர்த்துப் பிடித்து, முருங்கைக்காய் அரிவது போல அரிந்துவிட்டாள்.

ஸ்டூல்மேல் இருந்த டீவி மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. அதில் கங்கையா இன்னும் சிரித்துக்கொண்டிருந்தார். அதை அமர்த்தக்கூட ஒருத்தருக்கும் தோன்றவில்லை. இரண்டு தெரு ஆம்பிளைகளும் அன்று மத்தியானமே வடமாலபேட்டைக்கு ஒரே ஆட்டோவில் போனார்கள்.

திருப்பதிக்காரன் மறுநாள் கம்பத்தில் ஏறினான். அவனிடமும் விளையாட்டுச் சேனல் இருக்கிறது. திருப்பதி கிளப்பு கிரிக்கெட் காட்டுகிறான். வெள்ளைச் சட்டை போட்ட பிள்ளைகள் ஆடுவார்கள். யார் என்று எங்களுக்குத் தெரியாது. எங்கள் ஊர்க் கபடிக்குக் கேமரா அனுப்புவாயா என்று கேட்டதற்கு, எந்த ஊர் என்று திருப்பிக் கேட்டானாம்.

கிரண்குமார் தன் பழைய வயரைச் சுருட்டிக்கொண்டு சென்னைக்குப் போகிறான் என்று கேள்விப்பட்டு, நான் வேப்பங்குச்சியோடு வாசலில் வந்து நின்றேன். என் வீட்டு முன்னால் இருந்த கம்பத்தில் அவன் ஏணி போட்டு ஏறியிருந்தான். கீழே ஏணியை ஒரு பக்கம் ஞானசிங் பிடித்திருந்தார், இன்னொரு பக்கம் கங்கையா. அவ்வளவு பாசம் எங்கிருந்து வந்தது என்று கிட்டே போனேன்.

"அந்தக் கேசட்டு இன்னா ஆச்சி?" என்றார் ஞானசிங் மேலே பார்த்து.

"அத அடுப்புல போட்டுட்டா மாமா உங்க பொண்ணு. நேத்தே."

"சத்தியமா?"

"சத்தியமா."

இரண்டு பேரும் ஏணியை விட்டுவிட்டு ஆளுக்கொரு பக்கமாக நடந்தார்கள்.